சிவப்புப் பக்கம்

இண்டிகாவில் அந்தக் குமிழை
ஒன்பது வருஷமாய் நான் தொட்டதில்லை.
ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு.
வேலூரில் சிவப்பு எதற்கு?
சித்திரையில் ஸ்டீயரிங்கையே
துண்டு சுற்றித்தான் பிடிக்கிறோம்.

பில் கட்டி, மருந்து வாங்கி,
அவர்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது
ராத்திரி ஒன்பதரை.
தவமணி, அவள் புருஷன் சென்றாயன்,
ஒரு கிலோ எண்ணூறில்
இன்னும் பெயர் வைக்காத ஒன்று.
காவலூருக்கும் மேலே, தார் முடிகிற இடம் என்றார்கள்.
நர்ஸம்மா ஜன்னலில் குனிந்து
அப்பனை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்:
"குளிர விட்டுடாதீங்க."

மார்கழி.
ஆம்பூர் வரை ஒன்றும் தெரியவில்லை.
வாணியம்பாடியில் இடது திரும்பி
ஆலங்காயம் தாண்டி
செக்போஸ்ட்டில் கண்ணாடியை இறக்கினேன்.
கையெழுத்துப் போடும் நேரத்துக்குள்
காரில் இன்னொரு ஆள் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது.

குழந்தையின் முகத்தை மூடச் சொல்லிவிட்டுக்
குமிழைத் திருகினேன்.
கடக்.
செத்த பூச்சி ஒன்று.
ஒன்பது வருஷத் தூசி.
அப்புறம் வந்த காற்று
தூங்கி எழுந்தவன் வாய்க்காற்று மாதிரி,
சூடு என்று சொல்ல
மனசாட்சி இடம் தரவில்லை.

கஃபூர் பாயைத் திட்டினேன், மனசுக்குள்.
போன கோடையில் காகிதப்பட்டறையில்
வண்டி கொதித்து நின்றபோது
தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
"இது இன்னாத்துக்குபா நம்மூருக்கு?
இஞ்சின் சூடாவலன்னு அழுவுறவன் எவனாவது கீறானா?"
என்று கேட்டார்.
பட்டறையே சிரித்தது.
சிரித்ததில் நானும் உண்டு.

மூன்றாவது வளைவில்
"கால் சில்லுனு கீது" என்றாள் தவமணி.
துணிகளை விலக்கி
நர்ஸம்மா காட்டிக் கொடுத்தபடி
குழந்தையைத் தோலோடு தோலாய் அணைத்தாள்.
நான் கண்ணாடியைக்
கூரைப் பக்கம் திருப்பிவிட்டேன்.
பின்னால் வரும் வண்டி தெரியாது.
பின்னால் வண்டியும் இல்லை.

இஞ்சினுக்குச் சூடு இருக்கிறது,
எதிர்க்காற்று அதைத் தின்கிறது.
இறங்கி டிக்கியைத் திறந்தேன்.
ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் போட்டு வைக்க
கம்பெனியிலிருந்து நசீமா கொண்டுவந்த பெட்டி.
அவள் தைக்கிற பூட்ஸ்
எந்தெந்த ஊருக்கோ கப்பலேறிப் போகிறது.
பெட்டிமேல் படம்:
முழங்கால்வரை பனியில் ஒரு கால்.
அதைப் பிய்த்து
ரேடியேட்டருக்கு முன்னால் செருகினேன்.
சென்றாயன் டார்ச் பிடித்தான்.
"வண்டிக்குச் சட்டையா?" என்றான்.
"பனியன்" என்றேன்.
விரல் மரத்துக் கயிறு முடிச்சு விழவில்லை,
அவன்தான் போட்டான்.

இரண்டாம் கியர். முள் மெல்ல ஏறியது.
எத்தனையாவது வளைவென்று எண்ணவில்லை,
என் இடது முழங்காலில் முதலில் தெரிந்தது.
பிறகு பின் சீட்டில் பேச்சு நின்றது.
நின்றால் பயம்.
"தூங்குதா?" என்றேன்.
"நாங்க மூணு பேருந்தான்" என்றான் சென்றாயன்,
தூக்கத்திலேயே.

வானம் பார்க்கிறவர்களின் வெள்ளைக் கூண்டு
மரங்களுக்கு மேலே தெரிந்து மறைந்தது.
தார் முடிந்த இடத்தில் இறக்கினேன்.
வாடகையில் முந்நூறு குறைந்தது.
சாமை அறுத்ததும் தருகிறேன் என்றான்.
தலையாட்டினேன்.
வெளியே நின்று பேசும் குளிரில்லை அது.

விடிந்து கீழே இறங்கினேன்.
பள்ளிகொண்டா டோல் வரிசையில்
வெயில் ஏறி, முள் சிவப்பைத் தொட்டு,
பானெட்டிலிருந்து ஆவி.
அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது.
ஒரு கையால் பிடுங்கியதில்
பனிக்குள் நின்ற கால்
பாதி கிழிந்து வந்தது.

குமிழ் சிவப்பிலேயே இறுகிக் கிடக்கிறது.
இரண்டு நாளாய் ஏறுகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்,
இன்னா சார், உள்ளே இப்படிக் கொதிக்குது என்று.
"ரிப்பேர்" என்கிறேன்.
கஃபூர் பாய் ஐம்பது ரூபாய் கேட்டார்.
வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று
சொல்லிவிட்டு வந்தேன்.